புகைக்காகக் கட்டப்பட்ட வீடு

இங்கிலாந்தின் தென்கிழக்கில், சசெக்ஸ் பகுதியில், ஆல்ஃப்ரிஸ்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கக்மியர் ஆறு சவுத் டவுன்ஸ் சுண்ணக் குன்றுகளை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும் பள்ளத்தாக்கில் அந்த ஊர் அமைந்திருக்கிறது. ஊர்ப் பொதுப் புல்வெளியின் ஓரத்தில் பழைய தேவாலயம். அதன் அருகே வேய்ந்த கூரையும் மரச்சட்டச் சுவர்களும் கொண்ட ஒரு வீடு. பாதிரியார் வீடு என்று பெயர். 1896இல் இதை, பழைய கட்டடங்களையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்த அந்த அமைப்பு விலைக்கு வாங்கிய முதல் கட்டடம் இது. இன்று பிரபுக்களின் மாளிகைகளை வரிசையாகக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் சொத்துப் பட்டியல், இடிப்பதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிராமத்து வீட்டில் தொடங்குகிறது.

பிஸ்கட் டப்பாக்களிலும் நாட்காட்டிகளிலும் அச்சாகும் ஆங்கிலக் கிராமத்து வீட்டுப் படத்துக்கு இந்த வீடு அப்படியே பொருந்தும். தடித்த கூரை, வளைந்து நெளிந்த மரங்கள், முன்னால் பூந்தோட்டம். படத்தில் பொய் இல்லை. ஆனால் வீடு ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்பதற்கு அதில் விடையும் இல்லை. இந்த வகை வீடுகளுக்குள் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையைத் தாங்கும் கைமரங்கள் கறுத்திருக்கும். தலைமுறை தலைமுறையாக ஏறிய புகைக்கரி அது. அறைகளை எந்த வரிசையில் அமைப்பது, மாடி எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது, எத்தனை படிக்கட்டு வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்தது புகைதான்.

நடுக்கூடத்தில் நெருப்பு

இந்த வீடு 14ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்தது. அப்போது கிராமத்து வீடுகளில் புகைபோக்கி கிடையாது. செங்கல்லில் புகைபோக்கி எழுப்புவது செல்வந்தர்களுக்கே ஆடம்பரமாக இருந்த காலம். வீட்டின் நடுவில் ஒரு பெரிய கூடம். அதற்கு மேல்தளம் இல்லை. தரையிலிருந்து கூரை முகடு வரை ஒரே வெளி. கூடத்தின் தரையிலேயே, சுவரை ஒட்டாமல், நெருப்பு எரியும். புகை மேலே ஏறி, செங்குத்தான கூரையின் அடிவயிற்றில் திரண்டு, முகட்டு ஓரத்துத் திறப்புகள் வழியாகவும் வைக்கோலின் இடுக்குகள் வழியாகவும் மெல்லக் கசிந்து வெளியேறும். கூரை உயரமாக இருந்தால் புகை தலைக்கு மேலேயே தங்கிவிடும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண் எரியும் என்றாலும் மூச்சு முட்டாது. உத்தரத்தில் தொங்கவிட்ட பன்றி இறைச்சிக்கு அதே புகை பதம் கொடுத்தது.

இதனால் ஒரு வேடிக்கையான விளைவு ஏற்பட்டது. கூடத்துக்கு மேல் தளம் போட முடியாது என்பதால் மாடி அறைகள் வீட்டின் இரு முனைகளில் மட்டுமே இருந்தன. ஒரு முனை மாடியிலிருந்து மறு முனை மாடிக்குப் போக வேண்டுமானால் கீழே இறங்கி, கூடத்தைக் கடந்து, வேறொரு படிக்கட்டில் ஏற வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு மாடிகள் இருந்தும் ஒன்றுக்கொன்று வழி இல்லை.

கூடத்தின் ஒரு பக்கத்தில் வீட்டை முன்னிருந்து பின்னாகக் கடக்கும் நடை இருந்தது. அதன் இரு முனைகளிலும் கதவுகள். நடைக்கு அப்பால் இரண்டு சிறு அறைகள்: ஒன்றில் பீர்ப் பீப்பாய்கள், மற்றதில் ரொட்டியும் உலர்ந்த பண்டங்களும். இதை வீட்டின் தாழ்ந்த முனை என்று கொள்ளலாம். எதிர் முனை உயர்ந்தது. அங்கே குறுக்குச் சுவருக்கு முதுகு காட்டி, கதவின் குளிர்காற்று எட்டாத தூரத்தில், வீட்டுத் தலைவர் நீள மேசையின் பின்னால் உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவருக்குப் பின்னே குடும்பத்துக்கான தனியறை, அதற்கு மேல் படுக்கை அறை. பண்ணையாட்களும் வீட்டாரும் ஒரே கூடத்தில் ஒரே புகையின் கீழ்தான் சாப்பிட்டார்கள். ஆனால் யார் எங்கே உட்கார்வது என்பதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. வெளியிலிருந்து நுழைபவர் அந்த அமர்வைப் பார்த்த மாத்திரத்தில் யார் எசமானர் என்று தெரிந்துகொள்வார்.

ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக்கம்பிகளும் உட்புறம் மூடும் பலகைகளும்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறந்து வைப்பார்கள். வெளிச்சம், குளிர், புகை மூன்றையும் ஒரே பலகையால் சமாளிக்கும் வித்தை அது. ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டின் கூடத்துத் தரை உள்ளூர்ச் சுண்ணப்பாறையைப் பொடித்து இடித்துக் கெட்டிப்படுத்தியது. அதன் மேல் புளித்த பாலை ஊற்றி இறுக்கினார்கள். பாலில் உள்ள புரதமும் சுண்ணமும் சேர்ந்து தரையைப் பிடித்துக்கொள்ளும்.

வெளித்தோற்றத்தில் இந்த வகை வீட்டை எளிதில் அடையாளம் காணலாம். இரு முனைகளிலும் மாடி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் கூடத்தின் சுவர் மட்டும் உள்வாங்கியிருக்கும். ஆனால் கூரை மூன்றையும் ஒரே நேர்கோட்டில் மூடும். உள்வாங்கிய பகுதிக்கு மேல் கூரையின் விளிம்பைத் தாங்க, வளைந்த இரண்டு தாங்குமரங்கள் இருபுறத்திலிருந்தும் கைநீட்டி நிற்கும். கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் வடக்கு, தெற்குக் குன்றுத் தொடர்களுக்கு இடைப்பட்ட வீல்ட் என்ற காட்டு நிலத்தில் இவை மிகுதி. அதனால் வீல்டன் வீடு என்று கட்டடக்கலை வரலாற்றாளர்கள் அழைக்கிறார்கள். தொலைவில் கவென்ட்ரி நகரத் தெருக்களில்கூட இதே வடிவில் சில வீடுகள் உண்டு.

பச்சை மரம்

இவ்வளவு பெரிய சட்டத்தை இரும்பு ஆணி இல்லாமல் தச்சர்கள் நிறுத்தினார்கள். பயன்படுத்தியது ஓக் மரம். வெட்டிய உடனே, ஈரம் காயுமுன் இழைத்தார்கள். காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. பச்சை ஓக்கைக் கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கலாம். தச்சுப் பட்டறையில் தரையில் சட்டங்களைப் படுக்கவைத்து, மரமுனையில் கழுந்தும் அது நுழையும் துளையும் வெட்டிப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண்களைப் போன்ற குறிகளைக் கீறி, பிறகு பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள். மனையில் கல் அடிமானத்தின் மேல் மறுபடி பொருத்துவார்கள். நம் வீட்டுக் கட்டிலைக் கழற்றி மாட்டுவதைப் போன்ற வேலைதான், கட்டில் மூன்று ஆள் உயரம் இருந்தது என்பதைத் தவிர.

கழுந்தில் உள்ள ஆணித் துளையை வேண்டுமென்றே சற்றுத் தள்ளித் துளைப்பார்கள். மர ஆணியை அடிக்கும்போது அது மூட்டை இன்னும் இறுக்கமாக இழுத்துப் பிடிக்கும். வீட்டில் குடியேறிய பின்பும் மரம் காய்ந்துகொண்டே இருக்கும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். பழைய வீடுகளின் கோணல்களைப் பார்த்து வயதின் தள்ளாமை என்று நினைக்கிறோம். அதில் கணிசமான பங்கு வீடு கட்டிய முதல் சில ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்தது. அந்த நெளிவோடு ஆறு நூற்றாண்டு நின்றிருக்கிறது என்றால் அதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டங்களுக்கு இடைப்பட்ட கட்டங்களை வரிச்சு கட்டி மூடினார்கள். ஓக் குச்சிகளை நிறுத்தி, அவற்றினூடே ஹேசல் என்ற புதர்மரத்தின் மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். கூரையின் உள்ளே, குறுக்கு உத்தரத்தின் நடுவில் ஒற்றைத் தூண் நின்று, அதன் தலையிலிருந்து நாற்புறமும் வளைந்த கைகள் பிரியும். கென்ட், சசெக்ஸ் கூரைகளில் கண்ணை நிறுத்தும் இடம் அது. தச்சர்கள் அங்கேதான் தங்கள் கைவரிசையைக் காட்டினார்கள். கூடத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவரின் கண் அங்கேதான் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு மரத்துக்கும் தச்சுக்கும் கிராமத்தில் யாரிடம் பணம் இருந்தது? 1348–49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாமல் வாரிக்கொண்டு போனது. நிலம் மிஞ்சியது, உழைக்கக் கை இல்லை. கூலி ஏறியது. அதைத் தடுக்க 1351இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பார்த்தது, பெரிதாகப் பலிக்கவில்லை. உயிர் பிழைத்த குடியானவர்களில் சாமர்த்தியசாலிகள் அண்டை நிலங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரபுவும் இல்லை, பண்ணையடிமையும் இல்லை என்ற நிலையில் ஒரு நடுத்தட்டு உருவானது. வீல்டன் வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கட்டியது இந்த வகுப்பினர்தான். அந்த உயரமான கூடத்தில் பிரபுவின் மாளிகைக் கூடத்தின் சாயல் இருப்பது தற்செயல் இல்லை. பெரிய மரங்களைத் தேவைக்கும் அதிகமாக, நெருக்கமாக நிறுத்துவதும் செல்வத்தைக் காட்டும் வழியாக இருந்தது.

புகை வெளியேறிய நூற்றாண்டு

16ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. எசெக்ஸ் பகுதியின் ராட்விண்டர் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளிவந்த தம் இங்கிலாந்து வருணனையில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். ஊரின் முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் மூன்று மாற்றங்களைக் கண்டு வியந்தார்களாம். புதிதாக முளைத்த புகைபோக்கிகளின் எண்ணிக்கை முதலாவது. படுக்கையில் வந்த சொகுசு இரண்டாவது. மரத்தட்டுகளின் இடத்தில் உலோகத் தட்டுகள் வந்தது மூன்றாவது. பழைய வீடுகளில் புகை மரத்தைக் கெட்டிப்படுத்தியது, வீட்டாரின் உடம்புக்கும் மருந்தாக இருந்தது என்ற அக்கால நம்பிக்கையையும் அவர் குறிப்பிடுகிறார். எந்தக் காலத்திலும் புதிய வசதியைப் பார்த்து இப்படிப் பேச ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. சில வீடுகளில் முதலில் கூடத்தின் ஒரு பகுதியை மட்டும் தட்டி வைத்துத் தடுத்து, புகை ஏறும் கூண்டாக விட்டார்கள். பிறகு மரமும் களிமண்ணும் கொண்ட புகைக்குழாய். கடைசியில் செங்கல் விலை எட்டும் நிலைக்கு வந்ததும் நிலையான புகைபோக்கி. பல வீடுகளில் அதை நடையிலோ கூடத்தின் நடுவிலோ செருகினார்கள். புகைக்கு வழி கிடைத்ததும் கூடத்துக்கு மேல் தளம் போட்டார்கள். இரண்டு முனை மாடிகளும் இணைந்தன. உயரமான கூடம் தாழ்ந்த கூரையுள்ள ஓர் அறையாகச் சுருங்கியது. வேலையாட்கள் ஒரு பக்கமும் வீட்டார் வேறொரு கணப்பின் அருகிலும் பிரிந்து உட்கார்வது இனி சாத்தியம். புகையோடு சேர்த்து ஒரு வாழ்க்கை முறையும் அந்தக் குழாய் வழியே வெளியேறிவிட்டது.

1570க்கும் 1640க்கும் இடைப்பட்ட இந்த மறுகட்டுமான அலையை வரலாற்றாளர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார். பின்வந்தவர்கள் அந்தக் கால எல்லையைத் தளர்த்தினார்கள். கென்ட் முந்திக்கொண்டது, வடக்கே வெகுவாகத் தாமதித்தது. அரசும் புகைபோக்கியைக் கவனித்தது. 1662இல் ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி விதித்தது. கணப்பை எண்ண அதிகாரிகள் வீட்டுக்குள் நுழைவதை மக்கள் அறவே வெறுத்தார்கள். 1689இல் அது ஒழிந்தது. 1696இல் ஜன்னல்களுக்கு வரி வந்தது. ஜன்னலை வெளியில் நின்றே எண்ணிவிடலாம். 1851 வரை அது நீடித்தது.

இத்தனை மாற்றங்களுக்கு அடியில் பழைய கூடம் ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் டார்ச்சோடு கூரைக்குள் ஏறுகிறார்கள். நடுப்பகுதிக் கைமரங்கள் மட்டும் கரியேறி, முனைகளில் மரம் சுத்தமாக இருந்தால் கீழே முன்பு திறந்த கூடம் இருந்தது உறுதி. உத்தரத்தின் அடியில் வரிசையான சிறு துளைகள் இருந்தால் அங்கே ஜன்னல் கம்பிகள் நின்றிருக்கின்றன. பென்சில் பருமனுக்கு மரத்தைத் துளைத்து எடுத்து ஆண்டு வளையங்களை அளந்து ஒப்பிட்டால், பட்டைக்கு அருகிலுள்ள கடைசி வளையம் தப்பியிருக்கும் பட்சத்தில், மரம் வெட்டப்பட்ட ஆண்டே கிடைத்துவிடும். பச்சையாகவே இழைத்தார்கள் என்பதால் அதுவே ஏறக்குறைய வீடு கட்டிய ஆண்டும் ஆகும். டெவன் பகுதியில் சில கூரைகளின் அடியடுக்கில் இடைக்காலத்து வைக்கோலே கரியோடு அப்படியே மிஞ்சியிருக்கிறது. இன்று பயிரில் இல்லாத கோதுமை வகைகளைத் தாவர ஆய்வாளர்கள் அதில் அடையாளம் கண்டார்கள். புகை பாடம் பண்ணி வைத்த வயல் அது.

இந்தத் தடயங்களைப் படிக்கத் தெரியாததால் பிறந்த கதை ஒன்று உண்டு. ஆங்கிலக் கிராமங்களில் பழைய வீட்டுக்காரர் பலர், தங்கள் உத்தரங்கள் உடைந்த போர்க்கப்பல்களிலிருந்து வந்தவை என்று பெருமையோடு சொல்வார்கள். வெற்றுத் துளைகளும் வளைவும்தான் சான்று. வெற்றுத் துளை என்றால் அங்கே இருந்த சுவரையோ ஜன்னலையோ யாரோ அகற்றியிருக்கிறார்கள், அல்லது வேறு வீட்டின் மரத்தை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். வளைவு, வளைந்து வளர்ந்த மரத்தைத் தச்சர் தேடி எடுத்ததால் வந்தது. கப்பல்துறைக்கு அருகே ஓரிரு இடங்களைத் தவிர்த்தால், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊருக்குக் கப்பல் மரத்தை வண்டியில் இழுத்து வருவானேன், காடு கொல்லைப்புறத்தில் இருக்கும்போது? கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரும் என்ற நிறச் சேர்க்கையும் தென்கிழக்கில் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனைதான். அதற்கு முன் ஓக் மரம் வெயிலில் வெள்ளி போல வெளுத்துக் கிடந்தது, அல்லது சுவரோடு சேர்த்து அதற்கும் சுண்ணாம்பு அடித்தார்கள்.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

ஆல்ஃப்ரிஸ்டன் வீடு தேவாலயத்தின் உடைமையாகிப் பாதிரியார்களுக்குக் குடியிருப்பாக இருந்தது. பிற்காலத்தில் பாதிரியார்கள் இதை விரும்பவில்லை. வீட்டைப் பிரித்துக் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கேட்க இழிவாகத் தோன்றினாலும் வீடு பிழைத்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. வசதியான குடும்பம் இருந்திருந்தால் முகப்பில் செங்கல் வைத்து, பெரிய ஜன்னல் போட்டு, ஆள் அடையாளம் தெரியாமல் ஆக்கியிருக்கும். ஏழைகளிடம் மாற்றக் காசு இல்லை.

1880களில் இடிக்கும் யோசனை வந்தது. ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் எஃப். டபிள்யூ. பெய்னன் அதற்கு இணங்கவில்லை. வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை அணுகினார். அதன் வழியாக நேஷனல் டிரஸ்டின் நிறுவனர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் வந்தார். விலை 10 பவுண்டு என்பது பெயரளவுக்குத்தான். செப்பனிட அதைப்போலப் பல மடங்கு நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. வேலையை மேற்பார்த்த கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் பவல், மோரிஸ் சங்கத்தின் கொள்கையைப் பின்பற்றியவர். இடைக்காலத்து வீடு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து புதுப்பிக்காதே, இருப்பதைத் தாங்கிப் பிடி, புதிதாகச் சேர்த்தது புதிது என்று தெரியட்டும் என்பது அந்தக் கொள்கை. வீட்டின் மரவேலையில் செதுக்கிய ஓக் இலை ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் டிரஸ்டின் சின்னமான ஓக் இலை அதிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சு உண்டு.

இதற்கு நேர்மாறான வழியும் இருக்கிறது. கென்ட் பகுதியில் போ பீச் என்ற நீர்த்தேக்கத்துக்காக ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடிக்க வேண்டி வந்தபோது, அங்கே இருந்த பேலீஃப் என்ற 15ஆம் நூற்றாண்டு வீல்டன் வீட்டை 1960களின் இறுதியில் மூட்டு மூட்டாகக் கழற்றி, சசெக்ஸின் சிங்கிள்டன் ஊரில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். பிற்காலத்துப் புகைபோக்கியையும் தளத்தையும் விட்டுவிட்டு, 1540 வாக்கில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கூடத்தின் தரையில் நெருப்பு மூட்டுகிறார்கள். புகை உண்மையிலேயே ஏறித் திரண்டு கசிவதைப் பார்க்கலாம். மோரிஸ் இதைப் பார்த்தால் முகம் சுளித்திருப்பார். 1540க்குப் பிறகு அந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் தடயங்களைத் துடைத்ததில் எனக்கும் உறுத்தல் இருக்கிறது. ஆனால் திறந்த கூடம் எப்படி வேலை செய்தது என்பதை அந்த நெருப்பு கற்றுக்கொடுப்பது போல எந்த வரைபடமும் கற்றுக்கொடுக்காது.

இன்றைக்கு இவ்வகை வீடுகளில் பெரும்பாலானவை தனியார் குடியிருப்புகள். அவை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் கதவைக்கூட மாற்ற முடியாது. சட்டத்தைவிடப் பெரிய தொல்லை கொடுத்தது சிமென்ட். 20ஆம் நூற்றாண்டில் வரிச்சுச் சுவர்களை சிமென்ட் பூசிப் பலப்படுத்தினார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமென்ட் வெடிப்பில் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி ஓக் சட்டத்தை உள்ளிருந்து மக்கச் செய்தது. இப்போது அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுகிறார்கள்.

வேய்ந்த கூரை வீடுகளில் புகை வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. விறகு எரிக்கும் மூடிய இரும்பு அடுப்புகள் அண்மைக் காலத்தில் நாகரிகமாகிவிட்டன. திறந்த கூடத்தில் தீப்பொறி முகட்டை எட்டுமுன் பெரும்பாலும் அணைந்துவிடும். இந்த அடுப்பின் குறுகிய குழாயிலோ சூடான வாயு வேகமாக ஏறிப் பொறிகளைக் கூரைக்கு வெளியே, காய்ந்த வைக்கோலின் மேல் கொண்டுபோய்ப் போடுகிறது. ஈர விறகு எரித்தால் குழாயில் படியும் கரியே பற்றிக்கொள்ளும். ஆகவே புகைபோக்கியின் வாய் கூரையிலிருந்து 1.8 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். குழாயை ஆண்டுதோறும் சுத்தம் செய்த சான்று இருக்கிறதா என்று காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. இல்லையென்றால் பாலிசி கிடைப்பது கடினம்.